பிள்ளை பெற்ற கூரை

யார் வீட்டுக் கூரையில் எலியோ புறாவோ வௌவாலோ குடியேறினாலும் ஓட்டையண்ணனைத்தான் கூப்பிடுவார்கள். ஓட்டையை அடைப்பவருக்கு இப்படி ஒரு பேர்! விஷம் வைக்க மாட்டார். பொழுது சாய்ந்து வௌவால்கள் இரைதேடிக் கிளம்பியதும் பொந்தை அடைத்துவிட்டு நடையைக் கட்டுவார். "ஒரு உசுருக்கும் சேதாரம் இல்லாம முடிச்சிருவேன்" என்று வாய்க்கு வாய் பெருமை வேறு.

அன்று தையல்காரம்மா கடையின் தகரக் கூரை. பகலெல்லாம் வெயிலில் கொதித்துக் கிடந்தது. வௌவால் கூட்டம் வெளியேறியதும் பொந்தில் பலகையை வைத்துத் திருகாணியை முடுக்கினார். ஏணியை மடக்குவதற்குள் கோடை மழை பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் கடைக்குள் உட்கார்ந்தார்.

தையல் மிஷின் நின்றபோதுதான் கேட்டது, மேலே கீச்சு கீச்சென்று.

"அண்ணே, எல்லாம் போயிருச்சுன்னீங்களே?"

"ஒண்ணு ரெண்டு தங்கியிருக்கும்மா."

ஒன்றிரண்டு போடுகிற கூச்சலா அது? மழை விட்டதும் வௌவால்கள் திரும்பிவிட்டன. இவ்வளவு சீக்கிரம் திரும்பி அவர் பார்த்ததில்லை; பார்க்க என்றைக்கு நின்றார்? பலகையில் மோதின, விழப்போய் எழுந்தன, மறுபடி மோதின.

பாலத்துக்கு அடியில் குளுகுளுவென்று தனியாகத் தொங்குபவை ஆண் வௌவால்கள், அவருக்கே தெரியும். அப்படியானால் கொதிக்கிற தகரத்தின் கீழே நெருக்கியடித்துக் கிடந்த கூட்டம்? பிள்ளை பெறச் சூடு தேடி வந்த தாய்கள். குட்டிகளைத் தொங்கவிட்டுவிட்டு இரைக்குப் போயிருக்கின்றன. பால் கொடுக்க வந்தால் கதவு சாத்தியிருக்கிறது.

"ஏணியப் பிடிங்கம்மா!"

ஈர ஏணி வழுக்கியது. கையில் திருப்புளி நிற்கவில்லை. வௌவால்கள் முகத்தில் அடித்தன. கடைசித் திருகாணி அசையவே மாட்டேன் என்றது. பலகையைக் கையாலேயே பிடித்து இழுத்தார். உள்ளங்கை கிழிந்தது, பலகை பெயர்ந்தது. தாய்கள் காதோரமாகப் பாய்ந்து உள்ளே போயின. டார்ச் வெளிச்சத்தில் முடி முளைக்காத குட்டிகள், வாயைப் பிளந்தபடி. அந்தச் சந்தடியிலும் ஒவ்வொன்றும் தன் குட்டியைத் தேடிப் பிடித்தது.

இறங்கியவருக்கு மூச்சு வாங்கியது. "குட்டிங்க பறக்கட்டும்மா. அப்புறம் வந்து அடைக்கிறேன்."

"சரிண்ணே, இருந்துட்டுப் போகட்டும்." கைக்குத் துணி சுற்றியபடி அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்: "போன கோடையில என் தங்கச்சி வீட்டுலயும் நீங்கதானே வௌவால் பொந்த அடைச்சீங்க? அப்புறம் கூரையில ஒரே நாத்தம்னு புலம்புனா. எலி செத்திருக்கும்னு சொன்னீங்களாமே?"

கோடையில்தான் ஓட்டையண்ணனுக்கு வேலை அதிகம்.