தயங்காமல் வரலாம்

ஆரியசாலையில் நான் வேலை பார்க்கும் மொத்த மளிகைக் கடைக்கு எதிர்ச் சந்தில் ஒரு சலூன் இருக்கிறது. அதை நடத்துகிறவர் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். பல வருஷமாக அவரிடம்தான் முடி வெட்டிக்கொள்கிறேன். எனக்கு எச்.ஐ.வி. இருப்பது அவருக்குத் தெரியாது. என் மனைவிக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கும் மட்டுமே தெரியும். அங்கே இலவசமாகக் கொடுக்கிற மாத்திரையைத் தவறாமல் விழுங்குகிறேன். கல்லு மாதிரி இருக்கிறேன்.

சென்ற எய்ட்ஸ் தினத்தில் முடிதிருத்துவோர் சங்கத்தார் கூடி, எச்.ஐ.வி. உள்ள யாரையும் கடையிலிருந்து திருப்பி அனுப்ப மாட்டோம் என்று கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். மறுநாள் சலூன் வாசலில் சிவப்பு ரிப்பன் படம் போட்ட பலகை தொங்கியது. மலையாளத்திலும் தமிழிலும் எழுதியிருந்தது: 'எச்.ஐ.வி. உள்ளவர்கள் தயங்காமல் வரலாம்.'

அதைப் படித்த நிமிஷமே எனக்குத் தயக்கம் பிடித்துக்கொண்டது. அந்தப் பலகைக்குக் கீழே நுழைகிறவனைப் பார்த்து எங்கள் கடைச் சுமைகாரர்கள் என்ன நினைப்பார்கள்? சரி, நுழையாமல் விட்டால்? 'இவன் ஏன் திடீரென்று வருவதில்லை' என்று சலூன்காரர் யோசிக்க மாட்டாரா? மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்று சும்மாவா சொன்னார்கள். பலகைக்கு நன்றி சொல்வதா, அதைத் திட்டுவதா என்றே புரியவில்லை.

"எல்லாரும் போற கடைதானே, போயிட்டு வாங்க" என்றாள் மனைவி. உண்மைதான். சலூனில் கூட்டம் துளியும் குறையவில்லை. அது என்னை இன்னும் குழப்பியது.

முடி காதை மூடிய பிறகு, ஆளில்லாத ஒரு மத்தியானம் பார்த்துப் போனேன்.

"என்ன அண்ணாச்சி, ஆளையே காணல்லியே! பிணக்கமா?" என்று சிரித்தபடி கழுத்தில் துணியைக் கட்டினார்.

நான் கண்ணாடியில் அவரைப் பார்த்து, பெரிய புத்திசாலி போல, "அந்த போர்டை எடுத்து உள்ள வச்சிரப்பிடாதா? வாறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்லா" என்றேன்.

கத்தரிக்கோலைத் தூக்கிய கை அப்படியே நின்றது.

"ஒங்களுக்கு ஒரு மாதிரி இருக்கோ?"

என் தலை தானாக ஆடியது. எந்தப் பக்கம் ஆடியது என்று எனக்கே தெரியாது. ஆமாம் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார்.

"எனக்க அண்ணனுக்கு இந்த எய்ட்ஸ் சூக்கேடுதான். கெடையில கெடந்தப்போ ஒருத்தனும் அவனுக்கு சவரம் செய்ய வரல்ல. தாடியோடதான் அடக்கினோம்." கழுத்துத் துணியை அவிழ்த்துவிட்டார். "போர்டு அங்கணயே கெடக்கும். புடிக்கல்லைன்னா நீங்க வேற கடை பாத்துக்கிடுங்க அண்ணாச்சி."

எனக்கும் அதேதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வேறொருவர் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகையை விரித்துவிட்டார். எழுந்து வெளியே வந்தேன்.

எனக்காக இவ்வளவு கோபப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை. திரும்பிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் அழுகை வந்தது. ஊரில் என்னைத் தயங்காமல் உட்காரவைக்கிற ஒரே நாற்காலியிலிருந்து, எனக்காகவே, என்னை எழுப்பி அனுப்பிவிட்டார்.