பதிவுக்கும் தாலிக்கும் நடுவில்

ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோக எத்தனை வழி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தொழில்திறன் விசா, முதலாளி கூப்பிடும் விசா, ஒதுக்குப்புற ஊரில் சில வருடம் வேலை பார்த்துப் பிறகு நிரந்தரமாவது, படிக்கப் போய் அப்படியே தங்கப் பார்ப்பது. மலேசியாவில், மலாக்காவில் நர்ஸாக இருக்கும் எனக்கு முதலாவதுதான் தோது என்று முடிவெடுக்கவே ஒரு வருடம் போயிற்று. அதற்குள் ஆளாளுக்கு யோசனை. சிம்பாங் அம்பாட் பாசாரில் கீரை விற்கிறவர்கூட, "நியூசிலாந்து ஈசிலா தங்கச்சி" என்றார். அவர் சிங்கப்பூரைத் தாண்டியதில்லை.

பன்னிரண்டு வருடமாக டாக்டர்களின் கிறுக்கலைப் படித்து ஆங்கிலத்தில் குறிப்பெழுதுகிற எனக்கு ஆங்கிலம் வருமா என்று ஒரு பரீட்சை வைத்தார்கள். எழுதினேன். போலீஸ் நற்சான்று கேட்டார்கள், நெஞ்சு எக்ஸ்ரே கேட்டார்கள், கொடுத்தேன். எல்லாம் முடிந்தது என்று மூச்சு விட்ட வாரத்தில் ஆஸ்திரேலிய விசா அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது.

என் படிவத்தில் கல்யாணத் தேதி ஒன்று. என் கணவர் படிவத்தில் அதற்குப் பதினான்கு மாதம் தள்ளி இன்னொன்று. எது சரி? முதல் தேதி சரியென்றால் அந்தப் பதினான்கு மாதமும் ஏன் வேறு வேறு முகவரியில் இருந்தீர்கள்? அப்போது நீங்கள் தம்பதியாக வாழ்ந்ததற்கு என்ன ஆதாரம்? பதில் சரியில்லை என்றால் அவர் பெயரை அடித்துவிடுவார்கள், நான் தனியாகத்தான் விமானம் ஏற வேண்டும்.

"ஏங்க, என்ன தேதி போட்டீங்க?"

"கோயில்ல தாலி கட்டுன தேதிதான். வருஷா வருஷம் கேக் வெட்டுறோம்லா."

"ரிஜிஸ்டர் பண்ண நாளுதாங்க கவர்மெண்டுக்குக் கல்யாணம்!"

"அது சைன் போட்ட நாளு. அதுக்கு யாரு கேக் வெட்டுவா?"

தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அவரையும் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் முதலில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவோம். பிறகு நல்ல நாளும் மண்டபமும் ஒத்துவரும்போதுதான் தாலி. அதுவரை பெண் அவள் வீட்டில், மாப்பிள்ளை அவர் வீட்டில். அரசாங்கக் கணக்கில் மனைவி, அம்மா கணக்கில் கன்னிப்பெண். எங்களுக்கு இரண்டு மாத இடைவெளி என்றுதான் பேச்சு. பதிவு முடிந்த மூன்றாம் வாரம் மாமனார் தவறிப்போனார். வருடத் திதி கழியாமல் தாலி கிடையாது என்றுவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் டுரியான் துங்காலிலிருந்து மோட்டார் சைக்கிளில் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வருவார். இரண்டு பேருக்கும் நடுவில் அம்மா நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். ஒன்றாக ஒரு போட்டோ எடுக்க விடமாட்டாள். "கழுத்துல ஏறட்டும், அப்புறம் எடுத்துக்குங்க." வேலை முடிந்து அவரைத் தஞ்சோங் கிளிங் கடற்கரையில் திருட்டுத்தனமாகச் சந்தித்துக்கொண்டுதான் இருந்தேன். அம்மாவுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று ஃபோனில் வந்த செய்திகளை அன்றன்றைக்கே அழித்தேன். பதினான்கு மாதம் ஒரு தடயமும் இல்லாமல் பார்த்துக்கொண்டதற்குப் பெயர் எங்கள் ஊரில் மரியாதை. இப்போது தடயத்தைக் கொண்டுவா என்றால் எங்கே போவேன்?

குடும்பத்துப் பெரியவர் ஒருவர் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தால் உதவும் என்று விசா ஏஜெண்ட் சொன்னார். வந்த கோபத்தில் நேராக அம்மா வீட்டுக்குப் போனேன். அப்பா போனபிறகு அவள் அங்கே தனியாகத்தான் இருக்கிறாள். நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் உன்னாலதாம்மா! ஒரே ஒரு போட்டோ எடுக்க விட்டிருந்தா இன்னிக்கு இந்தப் பாடு இல்ல."

கத்தி முடிக்கும்வரை கிள்ளிக்கொண்டே இருந்தாள். "இப்ப என்னா எழுதணும்?"

"அந்தப் பதினாலு மாசமும் நாங்க புருஷன் பொண்டாட்டியா பழகுனோம்னு."

"எழுதிக்க" என்றாள். "வாரத்துல ரெண்டு நாளு வேலை முடிஞ்சி தஞ்சோங் கிளிங் போவாங்க. மூணு மணிக்கு வரவேண்டியவ ஆறு மணிக்கு வருவா. கால்ல போட்ட ஆஸ்பத்திரி சப்பாத்துல கடல் மண்ணு ஒட்டியிருக்கும். அவ அப்பா கண்ணுல படறதுக்குள்ள நான் கூட்டித் தள்ளிடுவேன்."

என் பேனா நின்றுவிட்டது. "தெரிஞ்சும் ஏம்மா கேக்கல?"

"கேட்டா நிறுத்தச் சொல்லணும்லா. மனசு வரல."

அவ்வளவு கத்திவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. மறுநாள் அலோர் காஜாவில் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால், மண் கதையோடு முழுவதையும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த தாளில், அம்மா நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். நான் அவளைவிட்டுப் போவதற்கான தாள் அது.

திரும்பும்போது காரில் கேட்டாள்: "ஏண்டி, இத்தன விசா சொல்றியே, அம்மாமாருக்குன்னு ஒண்ணு இருக்கும்ல?"

இருக்கிறது. அதன் வரிசை எத்தனை வருட நீளம் என்று படித்த அன்றே அம்மாவின் வயதோடு கூட்டிப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தை மூடியிருந்தேன். அதைப் பற்றி வீட்டில் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

"இருக்கும்மா. அது ஈசிலா" என்றேன்.

அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சப்பாத்து மண்ணை அவள் எப்படிப் பார்த்திருப்பாள் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

"அப்ப சரி" என்றாள்.