சாட்டிம்புக்குப் பிறகு

எங்கள் ஊரில் கங்கம்மா ஜாத்திரைக்குச் சாட்டிம்பு போட்டுவிட்டால், அதாவது தப்படித்து ஊரறியச் சொல்லிவிட்டால், ஜாத்திரை முடிகிறவரை யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். சனம் சிதறாமல் ஒன்றாக இருக்கட்டும் என்று பெரியவர்கள் வைத்தது. நல்லதற்குத்தான் வைத்திருப்பார்கள்.

சாட்டிம்பு போட்ட மூன்றாம் நாள் என் மகளுக்குத் திருப்பதி ஆஸ்பத்திரியில் வலி கண்டது. மாப்பிள்ளை பெங்களூரில் வேலையில் இருந்தார். மாமியாரும் இல்லாத வீடு. புத்தலப்பட்டு போய்க் காலை பஸ்ஸைப் பிடித்துப் போனேன். நாலு மணிக்கு மேல் என் கண் வாசலுக்கே போனது. அவள் கவனித்துவிட்டாள்.

"இன்னாமா, வாசலயே பாத்துக்கினு இருக்கற? இன்னிக்கு ஒரு ராத்திரி இரும்மா. பயமா இருக்குது."

"சாட்டிம்பு போட்டுட்டாங்களே கண்ணு. ஊருக்கு எதுனா ஆச்சுன்னா என்னத்தான சொல்லுவாங்க? காலைல மொத பஸ்ஸுக்கு வந்துடறேன்."

பக்கத்துக் கட்டில்காரம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பேத்தி விடியுமுன்பே பிறந்துவிட்டாள். நான் போனபோது அந்தம்மாதான் குழந்தையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். என் மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

ஜாத்திரை முடிந்து குழாயடியில் இதைச் சொன்னேன். எதிர்வீட்டு அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"அடி பைத்தியமே! கட்டின பொடவ ஒன்ன கோயில்ல வெச்சுட்டுப் போனா, நீ ஊர்லயே இருக்கறதா அர்த்தம். எங்கண்ணன் சாவுக்கு நான் அப்படித்தான் போனேன். வாயத் தொறந்து கேட்டா இன்னா?"

"யாரும் சொல்லலியேக்கா."

"இத மைக்கு வெச்சா சொல்லுவாங்க?"

ஆளாளுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் பயந்து வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான். கேட்கக் கூச்சப்பட்ட நான் ஒருத்திதான் கட்டுப்பாட்டை முழுசாகக் காத்திருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பேத்தி இப்போது மூன்றாவது படிக்கிறாள். மகள் வருகிறாள், சிரித்துப் பேசுகிறாள், வேண்டாமென்றாலும் பாத்திரம் தேய்த்துக் கொடுக்கிறாள். ஐந்து மணியானால் பையை எடுத்துவிடுவாள். ஒரு ராத்திரி தங்கியதில்லை.

போன மாதமும் கேட்டேன். "இருந்துட்டுக் காலைல போயேன் கண்ணு."

"வேணாம்மா. வெளியூர்ல ராத்தங்கக் கூடாதில்ல?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது பேத்தி கேட்டாள், "ஏம்மா தங்கக் கூடாது?" என்று. நாங்கள் இருவரும் பஸ் வருகிற திக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம்.