காலிக் கொக்கியில் பாரம்

இது நடந்தது. எனக்கு நடந்தது. மதிய வெயிலில், முழு விழிப்பில் நடந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று சொல்கிறவர்கள் மே மாதத்தில் எங்கள் மெரிதா நகரத்துக்கு வந்து பார்க்கட்டும். இங்கே ஊர் அடங்குவது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். தெருவில் நாய்கூட நடக்காது.

முதலில் வந்தது ஒரு சின்னப் புதிர். என் மகள் ரெனாத்தா மதியம் கட்டிலில் படுத்துத் தூங்குவாள். மெத்தை, அதன்மேல் பருத்தி விரிப்பு, அவ்வளவுதான். எழுந்து வரும்போது அவள் முழங்கையிலும் கன்னத்திலும் தடம் இருக்கும். விரிப்பின் சுருக்கம் அல்ல. சின்னச் சின்னச் சாய்சதுரங்கள். வலைமேல் படுத்தால் பதியுமே, அந்த மாதிரி.

எங்கள் வீட்டில் வலை எதுவும் இல்லை.

நான் ஐஸ் தொழிற்சாலையில் குளிர் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவள். ஒன்று ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மெத்தையைப் புரட்டினேன். தலையணையைப் பிரித்தேன். கண்ணாடி வைத்துக் கட்டிலின் அடியைப் பார்த்தேன். காரணம் கிடைக்கவில்லை.

மெக்சிகோ நகரத்தை விட்டு இந்த யூகத்தான் மாநிலத்துக்கு நாங்கள் வந்ததே ரெனாத்தாவின் மூச்சுக்காகத்தான். தலைநகரத்துப் புகையில், பள்ளிக்காலம் முழுக்க இன்ஹேலரைக் கையில் பிடித்தபடி கழித்தவள். இங்கே அவளுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. எனக்கு வேலை கிடைத்தது. யாரும் அவசரத்தில் ஓடாத ஊர். வந்த முதல் மாதம் அவள் இன்ஹேலரைத் தொடவே இல்லை. அதைப் பார்த்து நான் சமையலறையில் நின்று அழுதிருக்கிறேன்.

அப்படிப்பட்ட ஊரில் என் பெண் ஓர் அறையால் தேய ஆரம்பித்தாள். எவ்வளவு தூங்கினாலும் களைப்பு. வகுப்பில் தலை சாய்ந்துவிடுகிறது என்றாள்.

"யாரோ என்னைத் தள்ளிக்கிட்டே இருக்காங்கம்மா. இடம் பத்தாத மாதிரி."

"கனவுடி."

"பரீட்சை வரைக்கும் பாப்பேன். அப்புறம் அப்பாகிட்டயே போயிடறேன்."

அவள் அப்பா இருப்பது தலைநகரத்தில். அந்தப் புகையில். எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தது இதற்கா?

அடுத்து அந்தக் கொக்கி. இங்கே எந்த வீட்டிலும், எந்த அறையிலும், எதிரெதிர்ச் சுவர்களில் இரும்புக் கொக்கிகள் பதித்திருப்பார்கள். இந்த மாநிலத்துக்காரர்கள் கட்டிலில் படுப்பதில்லை. இரண்டு கொக்கிகளுக்கு நடுவே வலைத்தூளி கட்டிப் படுப்பார்கள். பிறப்பது, பிள்ளை பெறுவது, சாவது எல்லாம் அதில்தான். எங்களுக்கு அது பழக்கமில்லை. அந்த இரண்டு கொக்கிகளுக்கும் நடுவில் கட்டிலைப் போட்டோம். ஒரு கொக்கியில் ரெனாத்தா தன் வெள்ளைக் கோட்டை மாட்டினாள்.

கோட்டு தினமும் தரையில் கிடந்தது.

கொக்கியைத் தொட்டுப் பார்த்தேன். மேல்புறம் துரு. உள்வளைவில், கயிறு உட்காரும் இடத்தில் மட்டும், கண்ணாடிபோலப் பளபளப்பு. இந்த ஊர் ஈரக்காற்றில் இரும்பை ஒரு வாரம் சும்மா விட்டால் துரு ஏறிவிடும். ஏறாமல் இருக்க வேண்டுமானால் ஏதாவது தினமும் அதை உரச வேண்டும். மாதக்கணக்கில் அங்கே எந்தக் கயிறும் இல்லை.

சுவரில் இன்னொன்று. தூளியில் படுப்பவர்கள் பக்கத்துச் சுவரைக் காலால் உந்தித்தான் ஆடுவார்கள். நாங்கள் குடிவருமுன் அடித்த புதுச் சுண்ணாம்பின்மேல், என் இடுப்பு உயரத்தில், ஓர் அழுக்குத் தடம். பாதம். வலது பாதம். துடைத்தேன். மறுநாள் வந்தது. மூன்று முறை துடைத்தும் வந்தது.

வீட்டுக்காரர் தோன் வில்பெர்த்துக்குப் போன் செய்தேன். தரைக்குப் பதிக்கும் ஓட்டுக்கல் கடை வைத்திருப்பவர், இனிக்க இனிக்கப் பேசுவார்.

"பழைய வீடு, சீன்யோரா. அப்பிடித்தான் இருக்கும்."

"எனக்கு முன்னாடி அந்த அறையில யாரு இருந்தா?"



"கொக்கி தொந்தரவா இருந்தா அறுத்துப் போடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சரி. அறுத்தே போடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை. காலையில் மண்ணடுப்புப் பன்றிக்கறி வாங்கித் தின்று, தெருவே மதிய உறக்கத்தில் கிடந்தது. ரெனாத்தாவைக் கூடத்தில் படுக்கச் சொன்னேன். இரும்பு அறுக்கும் வாளை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனேன். முக்காலிமேல் ஏறினேன். இடது கையால் கொக்கியைப் பிடித்தேன்.

கிரீச்...

கைக்குள்ளிருந்து வந்தது.

கிரீச்... கிரீச்...

இரும்பில் கயிறு இறுகி உரசும் சத்தம். போகும்போது ஒரு குரல், வரும்போது ஒரு குரல். ஊஞ்சலின் கணக்கு ஒன்று சொல்கிறேன். ஆள் கனமாக இருந்தாலும் லேசாக இருந்தாலும் ஆட்டத்தின் வேகம் மாறாது. கயிறு எவ்வளவு தொங்குகிறதோ, வேகம் அதைப் பொறுத்தது. கனம் ஏறினால் சத்தம்தான் தடிக்கும். அப்போது கேட்ட சத்தம் தடித்திருந்தது.

எதிர்ச் சுவரைப் பார்த்தேன். அந்தக் கொக்கியிலிருந்தும் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது.

என் கையிலிருந்த கொக்கி கீழே இழுபட்டது. தளர்ந்தது. இழுபட்டது. பாரம் தூக்குவதும் இறக்குவதும் என் தொழில். என் கைக்குத் தெரியும்.

காலிக் கொக்கியில் ஓர் ஆளின் பாரம் இருந்தது.

ஓடியிருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். என் பெண்ணின் மூச்சு, என் பெண்ணின் படிப்பு, எல்லாவற்றின் மேலும் ஏறிப் படுத்துக்கொண்டு ஆடுகிறதே, இது யார்?

"இறங்கு" என்று கத்தினேன். "இது என் பொண்ணு இடம். இறங்கு."

நின்றது.

தானாக நிற்கும் ஊஞ்சல் தேய்ந்து தேய்ந்துதான் நிற்கும். இது சட்டென்று நின்றது. காலை ஊன்றினால்தான் அப்படி நிற்கும்.

கொக்கி லேசாயிற்று...

இறங்கிவிட்டது.

எனக்குப் பக்கத்தில்.

வாள் எங்கே விழுந்தது என்று தெரியாது. பின்வாசல் வழியாக முற்றத்தில் போய் நின்றேன். உடம்பெல்லாம் வேர்வை. இடது உள்ளங்கையில் இரும்பு உரசிய கறுப்புக் கோடு.

மதிலுக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டுத் தோன்யா லாந்தி துணி பிழிந்துகொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து எங்களோடு பேசாதவள். தலைநகரத்தாரை இங்கே வாச் என்பார்கள், வசைதான்.

"கத்துறது தெரு முழுக்கக் கேக்குது, வாச்" என்றாள்.

"அந்த அறையில படுத்திருந்தது யாரு?"

"ஏன், கோட்டு மாட்ட எடம் பத்தலையா?" சன்னல் வழியாக எல்லாம் பார்த்திருக்கிறாள். "வந்து சுண்ணாம்பு அடிப்பீங்க, கட்டில் போடுவீங்க. இருந்தவங்கள மட்டும் கேக்க மாட்டீங்க."

"இப்பக் கேக்கறேன். அங்க இருந்தவங்க எப்பச் செத்தாங்க?"

லாந்தி துணியை வாளிக்குள் போட்டாள்.

"செத்தாளா? யாரு சொன்னா? நிதெல்வியா உயிரோடதான் இருக்கா. வில்பெர்த்தோட அக்கா. அந்த வீட்டுல பொறந்தவ. உங்கள மாதிரி ஆளுக்கு வீட்ட விடணும்னு தம்பிக்காரன் கொண்டுபோய் முதியோர் இல்லத்துல தள்ளிட்டான்."



அந்த வாரமே ரெனாத்தாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நகரத்துக்கு வெளியே, பப்பாளித் தோட்டங்களுக்கு அப்பால், ஒரு சின்ன இல்லம். பாதுகாப்புக் கம்பி வைத்த இரும்புக் கட்டிலில் ஒரு பெண்மணி படுத்திருந்தாள். அறுபதைத் தாண்டியவள், ஒல்லி. போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. வலது பக்கம்.

"சக்கரை வியாதி" என்றாள் தாதி. "இங்க வர்றதுக்கு முன்னாடியே கால எடுத்துட்டாங்க."

வலது பாதத் தடத்தை மூன்று முறை துடைத்த என் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

கட்டிலில் அவளுக்குத் தூக்கமே வருவதில்லை என்றாள் தாதி. ராத்திரியெல்லாம் விழித்துக் கிடப்பாளாம். மதியம் கண்ணை மூடினால் மட்டும் உலுக்கினாலும் எழுந்திருக்க மாட்டாளாம்.

"போன ஞாயித்துக்கெழமதான் திடுக்குன்னு எழுந்து உக்காந்து அழுதாங்க. யாரோ எறங்குன்னு வெரட்டினாங்களாம்."

நிதெல்வியா கண் திறந்தாள். எங்களை அதற்குமுன் அவள் பார்த்ததே இல்லை. நாங்களும் பெயர் சொல்லவில்லை. ரெனாத்தாவைத்தான் முதலில் பார்த்தாள்.

"தூக்கத்துல ஒதைக்கிற பொண்ணு" என்றாள்.

பிறகு என்னை.

"கத்தினது இவ."

ரெனாத்தா என் கையை நசுக்கிவிட்டாள். நான் நகரவில்லை. என் கோபம் இடம் மாறிக்கொண்டிருந்தது. வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்றேன். ஊசியும் புண்ணுக்குக் கட்டும் இங்கேதான் நடக்கும், வேண்டாம் என்றாள் நிதெல்வியா. கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்:

"எனக்கு வீடு வேண்டாம். தூங்கணும். படுக்க ஒண்ணு கட்டிக் குடு."

இல்லத்தில் தூளிக்கு அனுமதியில்லை, விழுந்துவிடுவார்களாம். குடும்பத்தார் பொறுப்பேற்றால் பார்க்கலாம் என்றார்கள். அங்கிருந்து நேரே ஓட்டுக்கல் கடைக்குப் போனேன். கடை நிறைய ஆட்கள். தோன் வில்பெர்த் சிரித்துக்கொண்டு வந்தார்.

"உங்க அக்கா அறுபது வருஷமா தூளியில படுத்து ஒரு தடவ விழுந்தாங்களா?" என்று கேட்டேன்.

"மெதுவாப் பேசுங்க, சீன்யோரா."

"மெதுவாப் பேச மாட்டேன். கட்டில் விளிம்பு ஆளை உருட்டி விடும். தூளி ரெண்டு பக்கமும் ஏறி ஆளை மூடிக்கும், விழ முடியாது. இது உங்க ஊர்ச் சாமான், உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கு. இல்லத்துக்கு இப்பவே போன் பண்ணுங்க. இல்லேன்னா ஒங்க அக்காவ எங்க தள்ளியிருக்கீங்கன்னு இங்க நிக்கற எல்லாருக்கும் சொல்லுவேன்."

போன் செய்தார்.  அந்த அறையைப் பற்றி அவருக்கும் ஏதாவது தெரியுமா என்று நான் கேட்கவில்லை.

இது எப்படி நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். தெரியாது. என்ன செய்தால் நிற்கும் என்று தெரியும், அதைச் சொல்கிறேன். இல்லத்தில் நிதெல்வியாவின் அறையில், எதிரெதிர்ச் சுவர்களில் துளையிட்டு, ஒரே உயரத்தில் இரண்டு எஃகுக் கொக்கிகள் பதித்தேன். பருத்தி நூல் தூளியைத் தாழ்வாகத் தொங்கவிட்டேன், எழுந்து உட்கார்ந்தால் இடது கால் தரையில் படும்படி. உரசும் இடத்தில் மாதம் ஒரு முறை கிரீஸ். உந்திக்கொள்ளச் சுவர் வலது பக்கம் இருக்க வேண்டும் என்றாள், அப்படியே கட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவள் தூங்குகிறாள். ரெனாத்தாவும் தூங்குகிறாள்.