முகத்தை மட்டும் மறைத்தோம்

அந்த இயக்குநரை நான் திட்டியது போதாது என்று இன்றும் தோன்றுகிறது. என்னை நானே திட்டிக்கொண்டதும் போதாது.

ஆவணப்படம் எடுக்க வெளிநாட்டிலிருந்து வந்த மூன்று பேருக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளன். ஆள் பிடித்துக் கொடுப்பதும் என் வேலை. அம்பத்தூர் பட்டறைகளில் பிரஸ் மிஷினில் விரலை இழந்தவர்களைப் பற்றிய படம். ஒருத்தரும் கேமரா முன் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஆவடியில் எனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் வாசலில் போய் நின்றேன். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். நடந்ததை வெளியே சொல்லக் கூடாது என்ற பேச்சில் கம்பெனி அவரை பேக்கிங்கில் வைத்திருந்தது.

"மூஞ்சி தெரிஞ்சா வேலை பூடும் தம்பி. உன்னிய நம்பித்தான் பேசுறேன்" என்றார்.

முகத்தைக் காட்டுவதில்லை என்று இயக்குநர் சொன்ன சொல் தவறவில்லை. முதுகுப் பக்கமிருந்து எடுத்தார், குரலையும் மாற்றினார். பிறகு கையை எடுத்தார். அந்த இரண்டு விரலால் அக்கா டீ கிளாஸைத் தூக்குவதையும் பூண்டு உரிப்பதையும் அரை மணி நேரம் எடுத்தார். வெளிச்சம் போதவில்லை என்றதும் வெள்ளை அட்டையைத் தூக்கிப் பிடித்தவன் நான்.

இயக்குநருக்கு அது வெறும் கை. எனக்கு எங்கே போயிற்று புத்தி? பட்டறைப் பக்கம் ஆளுக்கு அடையாளம் சொல்வதே போன விரலை வைத்துத்தானே! லேத்தில் நின்ற என் அப்பா சக தொழிலாளிகளை அப்படித்தான் சொல்வார். அக்காவோ கேமராவைப் பார்த்த பயத்தில் முகத்தைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை. நான் நினைத்திருக்க வேண்டும்.

படம் எங்கோ ஒரு விழாவில் பரிசு வாங்கியது. முன்னோட்டம் மொபைல் மொபைலாகச் சுற்றி அம்பத்தூருக்கே வந்தது. சூப்பர்வைசர் கையைப் பார்த்தார். மறுநாள் அக்காவை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இயக்குநருக்கு ஃபோன் போட்டுக் கத்தினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், மிகவும் வருந்தினார். பிறகு, வேலை போனதையும் எடுத்துச் சேர்த்தால் படம் முழுமையாகும், அடுத்த மாதமே வருகிறேன், அவரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்தவர் வயிற்றில் அடித்துவிட்டு அதையும் படம் பிடிக்க வேண்டுமாம் இவருக்கு!

கேட்கவே கூடாது என்று இரண்டு நாள் இருந்தேன். ஆனால் அக்காவுக்குத் தெரியாமல் அவருக்காக முடிவெடுக்க நான் யார்? மூன்றாம் நாள் போய், வாய்க்கு வந்த வசவோடு சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்காவுக்குக் கோபமே வரவில்லை.

"அவுங்க வந்தா சூப்பர்வைசராண்ட பேசி என்னிய திரும்ப சேத்துக்க சொல்லுவாங்களா தம்பி?"

"இல்லக்கா. படம் மட்டுந்தான் எடுப்பாங்க" என்றேன்.