கதையைத் தாண்டும் பட்டன்

வலது மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டு மூன்று நாள் கழித்துத்தான், இன்னும் ஆறு வாரத்துக்கு என்னால் வீடியோ கேம் விளையாட முடியாது என்பது எனக்கு உறைத்தது. எலும்பு முறிந்ததைவிட அது பெரிய கஷ்டமாகத் தோன்றியது. நாற்பத்தொரு வயதில் இப்படிச் சொல்லிக்கொள்வது அழகில்லைதான்.

எனக்குத் திருவரங்குளத்தில் அலுவலக வேலை. வீடு கீரமங்கலத்தில். ஒரு புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வண்டியில் வரும்போது, ஆலங்குடிக்கு முன்னால் ஒரு ஆடு குறுக்கே ஓடியது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் கையை ஊன்றி விழுந்தேன். அலுவலகத்துக்கு ஆறு வாரம் மருத்துவ விடுப்பு போட வேண்டியதாயிற்று.

டிப்ளமோ படிக்கும்போது புதுக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஒட்டிக்கொண்டது இந்தக் கேம் பழக்கம். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை வருஷமும் எனக்கு ஒரே கருத்துதான். கேம் என்பது விரலில் இருக்கிறது. எதிரி வாளை ஓங்கும்போது விலக வேண்டும், அவன் தடுமாறும் அரை நொடியில் அடிக்க வேண்டும். அந்த அரை நொடியைச் சரியாகச் செய்திருந்தால் அது நல்ல கேம். கதையெல்லாம் வடையைச் சுற்றித் தரும் காகிதம். இடையில் கதைக் காட்சி வந்தால் உடனே ஸ்கிப் பட்டனை அழுத்திவிடுவேன். யாருக்கு யார் என்ன உறவு, எதற்காக இந்தச் சண்டை என்பதுகூடத் தெரியாமல் பல கேம்களை முடித்திருக்கிறேன்.

நாலைந்து வருஷமாக அந்த விரல் சுகமும் சலித்துப் போயிருந்தது. இப்போது வருகிற பெரிய கேம்களில் ஒரு வரைபடம் இருக்கும். அதில் நூறு புள்ளிகள். ஒருவனுக்குப் பத்து மூலிகை பறித்துக் கொடுக்க வேண்டும். ஒருத்திக்குத் தொலைந்துபோன கழுதையைத் தேடிக் கொடுக்க வேண்டும். முடித்தால் ஒரு டிக் விழும். அலுவலகத்தில் பகல் முழுக்க நான் செய்வதும் அதையேதான். மனு வரும், சரிபார்ப்பேன், அடுத்த மேசைக்கு அனுப்புவேன், டிக் அடிப்பேன். வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றிக்கொண்டு மறுபடியும் மூலிகை பறிக்க உட்காருவேன். பிடித்துப்போய் உட்காரவில்லை. வேறு எப்படி உட்காருவது என்று மறந்துபோயிருந்தது.

என் மனைவி உள்ளூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். காலை ஆறரைக்குப் போனால் மதியம் இரண்டு மணிக்கு வருவாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் நான் விளையாடுவதை அவள் தடுத்ததும் இல்லை, அது என்னவென்று கேட்டதும் இல்லை. கட்டுப் போட்ட மூன்றாம் நாள் அவள் வந்தபோது, நான் கன்ட்ரோலரைத் தொடை மேல் வைத்து இடது கையால் மட்டும் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். பையை மாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அத இங்கிட்டு குடுங்க. நீங்க சொல்லுங்க, நான் அமுக்குறேன்.”

“ஒனக்கு வராது.”

“வராட்டி அவன் செத்துப் போவான். நானா சாகப் போறேன்?”

விபத்துக்கு முன்னால் வாங்கி, அதுவரை தொடங்காமலே வைத்திருந்த கேம் ஒன்று இருந்தது. அதைப் போட்டோம். பனி விழும் ஏதோ ஒரு தேசம். அங்கே ஒரு கொல்லன், அவனுக்கு ஏழெட்டு வயதில் ஒரு மகள். அப்பனும் மகளும் உலைக்களத்தில் பேசிக்கொள்ளும் காட்சியோடு தொடங்கியது.

“ஓரத்துல இருக்கே, அந்த பட்டன அமுக்கு. இது போயிரும்,” என்றேன்.

“ஏன் போகணும்? அந்தப் புள்ள என்னமோ சொல்லுது. என்னா சொல்லுது?”

கீழே ஓடும் ஆங்கில எழுத்து அவள் படித்து முடிப்பதற்குள் மறைந்துவிடும். அதனால் நான் தமிழில் சொல்லத் தொடங்கினேன். இருபது வருஷத்தில் ஒரு கேமின் வசனத்தை முழுதாகப் படித்தது அன்றைக்குத்தான்.

ஒரு விஷயம் அப்போது பிடிபட்டது. நல்ல வசனம் எங்கள் பேச்சில் சொன்னாலும் நன்றாகவே இருந்தது. “சூடா இருக்கு, தொடாத” என்று அப்பன் சொல்ல, “நீ மட்டும் தொடுற?” என்று மகள் கேட்டது அப்படியே நின்றது. இரைச்சலான வசனங்கள் தமிழில் நிற்கவில்லை. ஒரு கிழவன் வந்து மலையைக் காட்டி ஏதோ முழங்கினான். “ஒன் தலையெழுத்து கூப்புடுதாம்,” என்றேன்.

“எங்கிட்டு கூப்புடுது?” என்று கேட்டாள்.  அது எழுதியவர்களுக்கே தெரிந்திருக்காது.

கால் மணி நேரத்துக்குள் கொள்ளைக்காரர்கள் வந்து ஊரை எரித்தார்கள். மகள் செத்துப்போனாள். எனக்கு இது ஆச்சரியமில்லை. நாயகன் கோபப்பட ஒரு காரணம் வேண்டுமென்றால் கேம்காரர்கள் முதலில் ஒரு குழந்தையைத்தான் கொல்வார்கள். கொல்லன் ஒரு மரத்தடியில் குழி தோண்டி மகளைப் புதைத்தான். மண்ணை மூடி முடித்ததும் திரையில் எழுத்து வந்தது: கோடாரியை எடு, வடக்கு வாசலுக்குப் போ.

அவள் எதையும் அழுத்தவில்லை.

“வடக்க போகணும். அம்புக்குறி காட்டுது பாரு.”

“இருங்க,” என்றாள். “இப்பத்தான குழிய மூடுனான்? அதுக்குள்ள கோடாலிய எடுக்கச் சொல்லுது. அழுவுறதுக்கு ஒரு பட்டன் இல்லையா?”

“இல்ல.”

கொல்லனை அங்கேயே நிற்க வைத்தாள். அவன் தோளில் பனி சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் கால் மாற்றி நின்று உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டான். எந்த இடத்தில் சும்மா விட்டாலும் அவன் அப்படித்தான் செய்வான், அது இயந்திரம் தானாகச் செய்வது என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

“பாருங்க, அவனுக்குப் போக மனசு வரல,” என்றாள்.

நான் திருத்தவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஏழாம் மாதத்தில் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை இறந்து பிறந்தது. அவள் ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் இருந்தாள். நானும் அவளுடைய அண்ணனும் குழந்தையைத் துணியில் சுற்றி என் சொந்த ஊருக்குக் கொண்டுபோய்க் கண்மாய்க் கரையில் புதைத்தோம். நாலாம் நாள் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அவள் உள் அறையில் படுத்துக்கொண்டாள். நான் முன்னறையில் உட்கார்ந்து கேமைப் போட்டேன். அன்றைக்கு என்ன கேம் என்று நினைவில்லை. நன்றாக விளையாடினேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு தினமும் மதியச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் விளையாடினோம். அவளுக்குச் சண்டை வரவே இல்லை. ஒரு மரப்பாலத்தில் ஒரே ஆளிடம் இரண்டு நாள் செத்துக்கொண்டிருந்தாள். “இப்ப அடி, இப்ப” என்று நான் கத்துவேன். அந்த ‘இப்ப’ என் வாயிலிருந்து அவள் விரலுக்குப் போவதற்குள் காலம் கடந்துவிடும். இத்தனை வருஷம் நான் உயர்வாக நினைத்திருந்த அரை நொடி அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் வழியில் பார்க்கிற எல்லோரிடமும் நின்று பேசினாள். இந்தக் கேமிலும் ஒருத்தியின் கழுதை தொலைந்திருந்தது. அதைத் தேடிக் கொடுத்துவிட்டு, டிக் விழுந்த பிறகும், கழுதைக்காரி இன்னும் ஏதாவது சொல்வாளா என்று காத்திருந்தாள். கழுதைக்காரி ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், அம்புக்குறி கிழக்கே காட்டிக்கொண்டிருந்தபோது அவள் தெற்கே நடந்தாள்.

“அங்கிட்டு ஒண்ணுமில்ல. போனா ஒண்ணும் கெடைக்காது,” என்றேன்.

“தெரியும்.”

இருபது நிமிஷத்துக்கு மேல் நடந்து, எரிந்த ஊருக்குத் திரும்பிப் போய், மரத்தடியில் அந்த மண்மேட்டுக்கு முன்னால் கொல்லனை நிறுத்தினாள். கேம் அதற்காக எதுவும் செய்யவில்லை. இசைகூட மாறவில்லை. அவள் கன்ட்ரோலரைப் பாயில் வைத்தாள்.

“நம்ம புள்ளைய எங்க வச்சீங்க?”

“கம்மாக்கரையில.”

“அது அண்ணன் சொல்லுச்சு. கரையில எங்கிட்டு?”

“புளியமரத்துக்குத் தெக்க.”

“ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க.”

ஆறு வருஷத்தில் அவள் கேட்காததால் நானும் சொல்லவில்லை. நான் சொல்லாததால் அவளும் கேட்கவில்லை போல.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போனோம். ஊரில் யார் வீட்டுக்கும் போகவில்லை. கரையில் ஏறிப் பார்த்தேன். புளியமரத்தைக் காணோம். இடையில் எப்போதோ இயந்திரம் விட்டு மண்ணைப் போட்டுக் கரையை உயர்த்தியிருந்தார்கள். கருவேலம் புதிதாக மண்டியிருந்தது. நான் அங்கும் இங்கும் நடந்து, கடைசியில் ஒரு இடத்தைக் காட்டி, “இங்கதான்,” என்றேன்.

அவள் செருப்பைக் கழற்றினாள். அதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை.

“சரியாத் தெரியல. இந்தப் பக்கந்தான். ஆனா இடம் தெரியல,” என்றேன்.

“சரி,” என்றாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கண்மாயில் தண்ணீர் பாதிக்குத்தான் இருந்தது. அவள் அழவில்லை. வெகு நேரம் நின்றுவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“அன்னிக்கு நீங்க முன்னால உக்காந்து வெளையாண்டீங்க. சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.”

“ஆமா.”

“எப்புடித்தான் முடியுதோன்னு நெனச்சேன்.”

“எனக்கு வேற என்ன செய்யிறதுன்னு தெரியல.”

“அது எனக்கு அப்பத் தெரியாதுல்ல,” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. எனக்கும் அதேதான் இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. குனிந்து அவள் செருப்பை எடுத்து அவள் கால் பக்கம் வைத்தேன். திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். ஒரு பெரியம்மா நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தார். நான் கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு ஆலங்குடி வரை நின்றே வந்தேன்.

அன்றைக்குப் பிறகு அவள் கன்ட்ரோலரை எடுக்கவில்லை. நான் கேட்டபோது, “போதுங்க. மிச்சத்த நீங்களே பாத்துக்கங்க,” என்றாள்.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகு, விறைத்துப்போன விரல்களோடு மீதியை நானே முடித்தேன். கதைக் காட்சிகளைத் தாண்டவில்லை. தாண்டியிருந்தாலும் பெரிய இழப்பில்லை. நடுப்பகுதிக்குப் பிறகு எழுதியவர்களுக்கே மகளின் ஞாபகம் இல்லை. கடைசியில் கொள்ளைக்காரர்களின் தலைவன் மண்டியிட்டுக் கிடக்கிறான். திரையில் இரண்டு வழிகள்: கொல், மன்னி. நான் கொல்வதைத்தான் எடுத்தேன். அதை எடுத்தால்தான் அவன் எழுந்து பாய்வான், கடைசிச் சண்டை வரும். சண்டை நன்றாகவே இருந்தது. அந்த அரை நொடியைக் கச்சிதமாகச் செய்திருந்தார்கள்.

இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் முடிவைச் சொன்னேன்.

“மன்னிச்சா புள்ள வந்துருமா?” என்று கேட்டாள்.

“வராது.”

“கொன்னா?”

“அப்பவும் வராது.”

“அப்பறம் எதுக்கு அந்த அப்பங்கிட்ட போயி கேக்குறாங்க?”

கேம்களைப் பற்றி நான் கேட்டதிலேயே சரியான கேள்வி அது. இணையத்தில் என்னைப் போன்றவர்கள் கதை பெரிதா, ஆட்டம் பெரிதா என்று வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நானும் எழுதியிருக்கிறேன். இப்போது எழுதத் தெம்பில்லை. அந்தக் கேமில் எனக்கு மிச்சமாக இருப்பது, ஒருவன் பனியில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றது மட்டும்தான். அதைக் கதை எழுதியவர்களும் எழுதவில்லை. ஆட்டத்தை அமைத்தவர்களும் அதற்காக அமைக்கவில்லை. நிற்க நினைத்தவளை நிற்க விட்டார்கள், அவ்வளவுதான். பல கேம்களில் அதற்குக்கூட விடுவதில்லை.

நான் திருந்திவிட்டேன் என்று சொல்ல முடியாது. புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறேன். பாதிக் காட்சிகளைத் தாண்டித்தான் போகிறேன். சத்தத்தை மட்டும் வைப்பதில்லை. அவள் உள்ளே துணி மடிக்கும்போது எனக்குக் கேட்கிறது. சில நாள் கேமை அணைத்துவிட்டுப் போய் நானும் இரண்டு துணி மடிக்கிறேன். எனக்குச் சரியாக மடிக்க வராது. அவள் பிரித்து மறுபடி மடிக்கிறாள்.