குரங்குக்கு லீவு

ஆய்வுக்கூடத்தில் செல்களுக்குத் தீனி போட்டு வளர்ப்பது அக்காவின் வேலை. குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்கள். அவற்றில் வைரஸைத் தொற்றவைத்து, பச்சைச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் படம் எடுத்துக் கொடுப்பாள். நல்ல செல்லில் மைட்டோகாண்ட்ரியா நீள நூல்களாகப் பின்னிக் கிடக்கும். வைரஸ் புகுந்ததில் நொய்யரிசி போல நொறுங்கியிருக்கும். செல்லுக்குச் சக்தி தருவது இந்த மைட்டோகாண்ட்ரியாதான். திருடன் நுழைந்தால் கூச்சல் போடுவதும் அதுதான். அதனால் பல வைரஸ்கள் முதலில் அதன் கழுத்தில்தான் கை வைக்கும்.

பெயின்டரான தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. போகும்போது ஆளில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. ஏணியில் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கினான். ரத்தப் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை.

"உடம்பு வளையல, அதான் வியாதி" என்றார் மேஸ்திரி. தம்பி சிரித்து வைத்தான். அடித்தாலும் சத்தம் வராத பிறவி.

அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. நல்ல செல், வைரஸ் புகுந்த செல் இரண்டின் படங்களையும் ஒரே தாளில் அச்சிட்டுக்கொண்டு, வேலை நடக்கும் கட்டடத்துக்கே போனாள்.

"பாருங்கண்ணே, காய்ச்சல் விட்டாலும் உள்ள இருக்கிற இன்ஜின் சரியாக நாளாகும். இவனுக்கும் இதேதான்னு சத்தியம் பண்ண மாட்டேன். கொஞ்ச நாள் ஏணி ஏறாம கீழயே சுவத்துக்குப் பட்டி பார்க்கட்டும்."

மேஸ்திரி தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "இது உன் தம்பியோட செல்லாம்மா?"

"இல்ல. குரங்கோடது."

"அப்ப குரங்குக்கு லீவு குடுத்துடலாம்."

மேலே சாரத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அதுதான் அவளைக் குத்தியது.

"நீ போக்கா, மானம் போகுது" என்று பெயின்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறினான். தாள் மேஸ்திரி கையிலேயே தங்கிவிட்டது.

அந்த வாரமே ஒரு நாள், பாதி ஏணியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். விழுந்தபோது உயிர் இல்லை. இதயத் தசை வீங்கியிருந்தது, காய்ச்சலில் வந்த வினையாக இருக்கலாம் என்றார் மருத்துவர்.

மேஸ்திரி மாலையோடு வந்தார். "இவ்வளவு முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்று மூக்கைச் சிந்தினார்.

தம்பியின் துணிப்பையை எடுத்துவரப் போனபோது அதே ஏணி அதே சுவரில் சாய்ந்திருந்தது. புதுத் தரையில் கீறல் விழாமலிருக்க, அதன் காலடியில் ஒரு தாளை மடித்து வைத்திருந்தார்கள். ஓரத்தில் பச்சை நூல்கள் தெரிந்தன.

குனிந்து அதை உருவி எடுக்கப் பார்த்தாள். ஏணி ஆடியது. மேலே வேறொருவன் நின்றிருந்தான்.

கையை எடுத்துக்கொண்டாள்.